கரையுள்ள நீலம்

வேட்டி வாங்கச் செல்லும் நம்மவர்கள் துணியை விரித்துப் பார்ப்பதற்கு முன்பே கரையைப் பார்த்துவிடுகிறார்கள். ஒரு விரல் கரையா, நான்கு விரல் கரையா, என்ன நிறம், சரிகை உண்டா இல்லையா என்று பேச்சே அங்கிருந்துதான் தொடங்குகிறது. கரையைக் கொண்டே கட்டியிருப்பவரின் கட்சியைச் சொல்லிவிடும் ஊர்கள் நம்முடையவை. ஆனால் கரை அழகுக்காகப் பிறந்ததன்று. தறியில் ஊடை நூல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய், அறுபடாமல் திரும்பி, வந்த வழியே மீள்கிறது. அது திரும்புகிற இடமே துணியின் ஓரம். அங்கே நூல் முடிவதில்லை, ஆகவே பிரிவதுமில்லை. அந்த ஓரத்தைக் காக்க நெருக்கி வைத்த இழைகளுக்கு வண்ணம் ஏறியதெல்லாம் பிற்பாடு.

இந்தக் கரைக்காகவே, ஜப்பானில் நெய்து தைத்த நீல ஜீன்ஸுக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுக்கிற மனிதர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்களுள் நாங்களும் இருவர் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது முறை. 'நாங்கள்' என்பது இங்கே மரியாதைப் பன்மையன்று. கணவனும் மனைவியுமாக இருவரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். எங்களில் ஒருவர் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் பக்கத்துக் கரிசலில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் நடுவே வளர்ந்தவர். மற்றவர் அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டத்தை அடுத்த நெசவூர் ஒன்றில், தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவர். பருத்தியும் தறியும் ஒரு வீட்டில் குடியேறியபின் இடையில் வந்து சேர்ந்தது இந்த நீலம்.

*

துணியைப் பற்றி முதலில் சில செய்திகள். டெனிம் என்பது சாய்ந்த வரிகளாகத் தெரியும் ட்வில் நெசவு. பாவு நீலம், ஊடை சாயமேறாத வெள்ளை. ஊடை நூல் மூன்று பாவிழைகளுக்கு அடியில் போய் ஒன்றின் மேல் ஏறுகிறது. எனவே முகப்பில் நீலம் மேலோங்கியும் உட்புறம் வெளுத்தும் இருக்கிறது. தறியிலிருந்து இறங்கியபின் துவைக்காமல், கஞ்சி போகாமல், அப்படியே தைத்து விற்பதைத்தான் 'ரா' டெனிம் என்கிறார்கள். பச்சைத் துணி என்று நாம் சொல்லலாம். நாடா ஓடும் பழைய தறியில் நெய்து, இரு ஓரமும் தானே கட்டிக்கொண்ட துணி செல்வெட்ஜ். தன் ஓரத்தைத் தானே முடித்துக்கொண்டது என்பது அச்சொல்லின் பொருள்.

நாடாத் தறியில் அகலமான துணி வராது. செல்வெட்ஜ் டெனிமின் அகலம் பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலம். ஒரு ஜீன்ஸுக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் துணி வேண்டும். இன்றைய நாடாவற்ற தறிகள் அதைப்போல் இருமடங்கு அகலத்தைப் பலமடங்கு வேகத்தில் நெய்கின்றன. அவற்றில் ஊடை நூல் திரும்புவதில்லை; ஓரத்தில் ஒவ்வொரு முறையும் வெட்டப்படுகிறது. ஆதலால் துணியின் ஓரம் சிலிர்த்து நிற்கும். தைக்கும்போது ஓவர்லாக் போட்டு அடக்க வேண்டும். நம் கால்சட்டைகளின் உட்புறத்தைப் புரட்டினால் தெரிகிற அந்தச் சங்கிலித் தையல், திரும்பி வராத நூலுக்குப் போட்ட கட்டு.

நெவாடாவில் தையல்காரராக இருந்த ஜேக்கப் டேவிஸும் சான் பிரான்சிஸ்கோ துணி வணிகர் லீவை ஸ்ட்ராஸும் செப்புக் குமிழ் அறைந்த கால்சட்டைக்குக் காப்புரிமை பெற்றது 1873இல். அன்று முதல் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அமெரிக்க ஜீன்ஸ் எல்லாமே நாடாத் தறியின் துணிதான். தேவை பெருகப் பெருக அங்கே நாடாத் தறிகள் ஓய்வு பெற்றன. கடைசியாக அவற்றை ஓட்டிக்கொண்டிருந்த பெரிய ஆலைகளுள் ஒன்றான, வட கரோலினாவின் கோன் மில்ஸ் ஒயிட் ஓக் ஆலை 2017 இறுதியில் மூடப்பட்டது.

ஜப்பானில் கதை வேறு விதமாகப் போயிற்று. ஒகயாமா மாநிலத்துக் கொஜிமா, பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த ஊர். அங்கே 1965இல் பிற்காலத்தில் பிக் ஜான் எனப் பெயர் பெற்ற நிறுவனம், அமெரிக்கத் துணியை வாங்கி ஜீன்ஸ் தைக்கத் தொடங்கியது. 1973இல் குராபோ ஆலை ஜப்பானின் முதல் சொந்த டெனிமை நெய்தது. ஹிரோஷிமா மாநிலத்துக் கைஹாரா 1893 முதல் கசூரி நெய்தவர்கள். நூலைக் கட்டிச் சாயம் தோய்த்து நெய்யும் கிமோனோத் துணி அது. கிமோனோ உடுப்பவர் குறைந்து தொழில் படுத்தபோது, நீலச்சாயம் பற்றிய பரம்பரை அறிவைக் கையில் எடுத்துக்கொண்டு டெனிமுக்கு மாறினார்கள். 1970இல் நூலைக் கயிறாகத் திரித்துச் சாயத்தொட்டியில் முக்கியெடுக்கும் இயந்திரத்தைத் தாங்களே அமைத்தார்கள். 1979இல் ஸ்டுடியோ த'ஆர்ட்டிசான் தொடங்கி, ஒசாகாவில் சிறு நிறுவனங்கள் சில பழைய நாடாத் தறித் துணியைத் தேடிப் போயின.

அமெரிக்கர் கழித்த தறிகளை ஜப்பானியர் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள் என்றொரு கதை உலவுகிறது. அது கதை மட்டுமே. ஓடியவை ஜப்பானின் சொந்த டொயோடா தறிகள். சகிச்சி டொயோடா முதன்முதலில் காப்புரிமை பெற்றது 1891இல், மரத்தாலான ஒரு கைத்தறிக்கு; தாயார் தறியில் படும் பாட்டைப் பார்த்து அதைச் செய்தார் என்பார்கள். தறி ஓடும்போதே நாடாவை மாற்றிக்கொள்ளும் அவருடைய தானியங்கித் தறி 1924இல் வந்தது. கார் பின்னால் வந்தது. டொயோடா என்றால் முதலில் தறிதான்.

*

2022இல் ஒசாகாவில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் ஊருக்கு வருவதாகச் சொன்னபோது எங்கள் நெடுநாள் ஆசை விழித்துக்கொண்டது. இவ்வகை ஜீன்ஸை எண்ணைச் சொல்லி வாங்க முடியாது. இடுப்பு 32 என்று எழுதியிருப்பது ஒரு நிறுவனத்தில் 32, இன்னொன்றில் 33, தண்ணீர் பட்டபின் 31. ஆகவே அளவெடுத்து அனுப்ப வேண்டும். உடம்பையன்று, நன்றாகப் பொருந்துகிற பழைய பேண்ட் ஒன்றைத் தரையில் பரப்பி அதை அளக்க வேண்டும்.

அளந்து கொடுத்தவர் அரியலூரில் கடை வைத்திருக்கும் தையல்காரர். எங்களில் ஒருவருக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்த பாய். இடுப்பு, சீட், தொடை, முட்டி, பாட்டம், கவட்டு உயரம், உள்கால் நீளம் என ஏழு அளவுகளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். பெண்ணுக்கும் ஆண் அளவில்தான் வாங்க வேண்டியிருந்தது. பெண்களுக்கென விற்பவற்றில் பெரும்பாலும் இழுபடும் நூல் கலந்திருக்கிறது. பச்சைத் துணியில் அது கிடையாது. இடுப்புக்குச் சரியாக எடுத்தால் சீட் பிடிக்கும், சீட்டுக்கு எடுத்தால் இடுப்பில் கை நுழையும். "சீட்டுக்கு எடுத்துடு பாப்பா. இடுப்ப நான் பாத்துக்கறேன்" என்றார் பாய்.

ஒன்று 25,000 யென். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 15,000 ரூபாய். வந்து இறங்கிய நாளில் வீட்டில் இருந்த பெரியவர், குன்னத்திலிருந்து வந்திருந்த அம்மா. ஜீன்ஸைத் தரையில் நிறுத்திவைத்தோம். கஞ்சி விறைப்பில் அது ஆள் இல்லாமலேயே நின்றது. அம்மா சிரித்துவிட்டு விலை கேட்டார். மறைக்கவில்லை, சொன்னோம். சற்று நேரம் கணக்குப் போட்டார். அவர் பருத்தி விற்றுப் பழகியவர். எந்தத் தொகையும் அவருக்குக் குவிண்டாலாகத்தான் தெரியும்.

"அப்ப ஆளுக்கு ரெண்டு குவிண்டால் பருத்தியக் கால்ல மாட்டிக்கிட்டுப் போறீங்க."

அதில் கோபமில்லை, கணக்கு மட்டும் இருந்தது. அதனால்தான் அது எங்களை விட்டு இன்னும் போகவில்லை. இன்றைய விலையில் அந்தக் கணக்கை நாங்களும் போட்டுப் பார்த்தோம். நீண்ட இழைப் பருத்திக்கு 2025-26 பருவத்தில் நடுவண் அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். கிலோ 81 ரூபாய். கொட்டையோடு கூடிய பருத்தியில் மூன்றில் ஒரு பங்களவே பஞ்சு. ஜீன்ஸின் எடை ஒரு கிலோவை ஒட்டியது. ஆலைக் கழிவையும் சேர்த்து மூன்றரைக் கிலோ பருத்தி என்று வைத்தாலும் விளைவித்தவருக்குச் சேர்வது 300 ரூபாய்க்குக் கீழேதான். மானாவாரிக் கரிசலில் ஆவணி, புரட்டாசியில் விதை ஊன்றி, களை பறித்து, மார்கழிப் பனியிலும் மாசி வெயிலிலும் முள்ளாய் நிற்கும் காய்த்தோட்டில் விரலைக் கீறிக்கொண்டு எடுத்த பருத்திக்கு அதுதான். நூற்பு, சாயம், நெசவு, தையல், கடை, பெயர் என்று மீதி எல்லாம் அதற்கு மேல் ஏறிய சுமை. எங்கள் கால்சட்டையிலும் அப்படித்தான், தெருக்கடையில் 600 ரூபாய்க்குத் தொங்குவதிலும் அப்படித்தான்.

*

எங்களுடைய துணி சுருக்கம் நீக்கப்படாதது. 1930 வாக்கில் அமெரிக்கர் சான்ஃபர்ட் க்ளூயெட் கண்ட முறைப்படி ஆலையிலேயே துணியைச் சுருக்கிவிட்டால், பின்னர் வீட்டில் சுருங்காது. அவ்வாறு செய்யாத துணி பத்தில் ஒரு பங்குவரை சுருங்கும். ஆகவே, வெட்டுவதற்கு முன் நனைக்க வேண்டும். பெரிய அலுமினிய அண்டாவில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, உட்புறத்தை வெளியே திருப்பி, ஒரு மணிநேரம் அமுக்கி வைத்தோம். சுண்ணாம்பு மிகுந்த எங்கள் பக்கத்துத் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. சாயம் மட்டும் தாராளமாய் இறங்கியது. கஞ்சி கரைந்த வாடை, ஈரச் சுவரின் வாடையோடு கலந்து வீடெங்கும் நின்றது. காய்ந்தபின் அளந்தால் காலில் மூன்று அங்குலம் குறைந்திருந்தது. அப்படியும் நீளம் மிச்சம்.

மிச்சத்தை வெட்ட மீண்டும் அரியலூர். கம்பத்தில் விளக்கு எரிவதற்கு முன்பே பாய் வேலையை முடித்துவிட வேண்டும் என்பார். கறுத்த துணியில் கறுத்த நூல் அவர் கண்ணுக்கு இப்போது பிடிபடுவதில்லை. துணியைத் தொட்டதும் பழைய நினைவு வந்துவிட்டது. 1990களின் நடுவில் அகமதாபாத்தின் அர்விந்த் மில்ஸ் 'ரஃப் அண்ட் டஃப்' என்ற பெயரில் ஜீன்ஸைத் துண்டுத் துணியாகவே விற்றது. துணி, ஜிப், பொத்தான், குமிழ், முத்திரைத்தோல் எல்லாம் ஒரே பொட்டலத்தில் இருக்கும். விலை இருநூறு ரூபாயை ஒட்டி. வாங்கியவர் உள்ளூர்த் தையல்காரரிடம் கொடுத்துத் தம் உடம்புக்குத் தைத்துக்கொள்ள வேண்டும். சிற்றூர்களில் முதல் ஜீன்ஸ் பலருக்கு அப்படித்தான் வந்தது. "அந்தப் பொட்டலம் எத்தனை தச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. அப்புறம் ரெடிமேட் வந்துச்சு, நான் ஜிப் மாத்திக் குடுக்குற ஆளாயிட்டேன்" என்றார்.

காலடியைச் சங்கிலித் தையலில் அடிக்க யூனியன் ஸ்பெஷல் என்ற பழைய அமெரிக்க இயந்திரத்தை ஜப்பானில் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதில் அடித்தால் ஓரம் கயிறு முறுக்கியதுபோல் வெளுக்கும் என்பது இரசிகர்களின் நம்பிக்கை. பாயிடம் இருந்தது சாதாரண இயந்திரம். 18ஆம் நம்பர் ஊசி மாற்றி, தடித்த நூல் கோத்து, மடிப்பைச் சுத்தியலால் தட்டித் தணித்து, சக்கரத்தைக் கையால் சுற்றியே தடித்த இடங்களைத் தாண்டினார். பெண்ணின் ஜீன்ஸில் இடுப்புப் பட்டியைப் பிரித்து, பின்பக்கம் இரண்டு பிடிப்பு வைத்து, மறுபடியும் மூடினார். வெட்டிய நான்கு வளையங்களையும் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். "கரைத் துணி. வீசாதீங்க."

*

தீபாவளிக்கு ஜெயங்கொண்டம் போனபோது இரண்டையும் போட்டுக்கொண்டு போனோம். எங்களில் ஒருவரின் அப்பா, இளமையில் பருத்திச் சேலை நெய்தவர். பின்னர் அந்தப் பக்கத்துப் பெரும்பாலான தறிகளைப் போலவே பட்டுக்கு மாறியவர். மகள் ஜீன்ஸ் போடுவது அவருக்கு என்றும் பிடித்ததில்லை. அன்றும் முதலில் ஒன்றும் சொல்லாமல் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் மடித்துவிட்ட கால் அவர் கண்ணுக்கு நேரே வந்தது. மடிப்பில், வெள்ளை ஓரத்தில், சிவப்பிழை ஒன்று ஓடுவது தெரிந்தது.

"கொஞ்சம் நில்லுங்க மாப்ள."

குனிந்து, ஓரத்தை இரு விரலால் பிடித்து உருட்டிப் பார்த்தார். நூல் எண்ணும் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். சற்றுப் பொறுத்து, "இது நாடா ஓடுன துணி. ஊடை திரும்பியிருக்கு பாருங்க. மூணு கீழ, ஒண்ணு மேல. நூலு பத்தாம் நம்பருக்கும் கீழ, நாங்க எண்பதுல நெஞ்சோம். இது கயிறு" என்றார். கயிறு என்றதில் ஏளனம் இருந்தது. விரலை எடுக்காததில் வேறொன்று இருந்தது.

விறைப்பு எதனால் என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பாவு நூல் தறியில் உரசி அறாமலிருக்கக் கஞ்சி ஏற்றுவது உலகத்து நெசவுக்கெல்லாம் பொது. தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, விடியலில் தெருவே கூடிக் கஞ்சி தோய்த்த தூரிகையால் நீவிவிட்ட பாவடி நாட்களைச் சொன்னார். இப்போது அந்தத் தெருவில் பாவு கட்ட இரு பக்கமும் ஆள் நிற்பதில்லை. பிள்ளைகள் திருப்பூர் போனார்கள், சிமெண்டு ஆலைக்குப் போனார்கள், படித்து எங்களைப் போல் வேறு வேலைக்கும் போனார்கள்.

விலையைக் கேட்டார். சொன்னோம். அம்மாவைப் போல் அவர் குவிண்டாலுக்குப் போகவில்லை.

"இந்த ஓரத்துக்கா இவ்வளவு?"

ஓரத்துக்கு மட்டுமில்லை, பழைய தறி, ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் நெய்யும், அதனால்தான் இவ்வளவு விலை என்று எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னோம். அவர் ஓரத்தைக் கீழே விட்டார்.

"மெதுவா நெய்யறதுக்கும் காசு குடுக்கறாங்களா?"

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூலிக்கு நெய்த ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய மெதுவுக்கு எப்போதும் பிடித்தம்தான் கிடைத்தது. ஒரு சேலைக்கு இத்தனை நாள், அதற்கு இவ்வளவு கூலி. நாள் நீண்டால் இழப்பு அவருடையது. ஒரு தறி மெதுவாக ஓடுவது ஓரிடத்தில் குறையாகவும், இன்னோரிடத்தில் விலையாகவும் ஆவது எப்படி? தறியில் அதற்கு விடை இல்லை. ஓரத்தைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கும் வாங்குபவர் ஒருவர் எதிரே இருக்கிறாரா என்பதில்தான் இருக்கிறது. கசூரி நெய்தவர்களுக்கும் அந்தத் தட்டுத் தடுமாறல் இருந்தது. அவர்கள் துணியை மாற்றினார்கள், அறிவை விடவில்லை. எங்கள் ஊர்களில் துணி மாறாமலே இருக்கிறது, அறிவுதான் வீட்டை விட்டுப் போகிறது. இதை எழுதும் எங்களில் ஒருவருக்கே பாவு பிணைக்கத் தெரியாது.

தாளில் சுற்றிய நான்கு வளையங்களையும் அவர் கேட்டு வாங்கித் தம் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டார்.

*

போட்டுப் பழகுவதைப் பற்றி. ஆறு மாதம் துவைக்கக் கூடாது என்று குளிர்நாட்டு இரசிகர்கள் சொல்லும் விதி, பெரம்பலூர் வெயிலுக்குப் பொருந்தாது. எங்கள் வழக்கம் எளியது. கார்த்திகை முதல் மாசி வரை வாரம் நான்கைந்து நாள். பங்குனி பிறந்தால் மாலையில் மட்டும். சித்திரை, வைகாசியில் வேப்பிலையோடு அலமாரிக்குள். வியர்வை உப்பு பூத்தால் துவைத்துவிட வேண்டும். வியர்வையை ஊறவிட்டால் நிறத்துக்கு முன் நூல் போய்விடும். உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், தனியாக அலசி, நிழலில் தொங்கவிட்டால் போதும். முதல் ஆண்டில் வண்டி இருக்கை, வெள்ளைச் சுவர், கைக்குட்டை, பக்கத்தில் உட்கார்ந்த குழந்தையின் கவுன் எல்லாம் நீலமாயின.

நீலம் உதிர்வதற்கும் காரணம் உண்டு. நீலச்சாயம் தண்ணீரில் கரையாது. தொட்டியில் அதை வேதிமுறையில் ஒடுக்கினால்தான் கரைகிறது. அப்போது நிறம் மஞ்சள் கலந்த பச்சை. நூலை முக்கி வெளியே எடுத்தவுடன் காற்றுப் பட்டு நீலமாகி, நூலின் மேல் தோலாகப் படிகிறது. உள்ளே நூல் வெள்ளையாகவே இருக்கிறது. உரசும் இடத்தில் தோல் உரிந்து வெள்ளை தெரிகிறது. வெளுப்பு என்பது அதுதான்.

இந்தச் சாயம் நமக்கு அயலானதன்று. நாட்டு மருந்துக் கடையில் தலைமுடிக்கென்று விற்கும் அவுரிப்பொடி, நீலச்சாயம் தந்த அதே செடியின் இலை. புதுச்சேரியிலிருந்து 18, 19ஆம் நூற்றாண்டுகளில் 'கினே' என்று பெயர் பெற்ற நீலத்துணி பிரெஞ்சுக் கப்பல்களில் ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போயிற்று. அங்கே வேலம்பிசினுக்கு மாற்றாக, பணத்தைப் போலவே புழங்கியது. வங்கத்தில் அவுரிக்காக உழவர் பட்ட பாடு 1859இல் கிளர்ச்சியாயிற்று. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அவுரி வயல்கள் சுருங்கின. எங்கள் ஜீன்ஸில் இருப்பதும் அந்தச் செயற்கை நீலமே. ஆயினும் 'டங்கரீ' என்று ஆங்கிலேயர் அழைத்த முரட்டுத் துணியின் பெயர் மும்பையின் டோங்கிரியிலிருந்து போனது. உழைப்பவருக்கான தடித்த பருத்தித் துணி இங்கிருந்தும் கடல் கடந்திருக்கிறது.

மூன்று ஆண்டுகளில் எங்கள் இரண்டு ஜீன்ஸும் இரண்டு விதமாக வெளுத்திருக்கின்றன. ஒன்றில், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் அளவு வண்டியோட்டி, சிமெண்டு லாரிப் புழுதியில் தினமும் மடங்கிய முட்டியின் வரிகள். மற்றதில் தொடை மேல் வரி குறைவு. முட்டியின் வெளிப்பக்கத்திலும் கணுக்காலிலும் வட்டமாய் வெளுப்பு. நாற்காலியை விடத் தரையில் சம்மணமிட்டே அதிகம் உட்காரும் ஒருவரின் கோடு அது. நாற்காலி நாடுகளின் படங்களில் இந்தக் கோட்டை நாங்கள் கண்டதில்லை.

இதே வெளுப்பைக் கடையிலேயே செய்து விற்கிறார்கள். கல்லோடு சுழற்றியும் வேதிப்பொருள் தெளித்தும் மணலைப் பீய்ச்சியும் செய்வது. மணல் பீய்ச்சிய தொழிலாளர்களின் நுரையீரலில் துகள் படிந்து இளம் வயதிலேயே இறந்தார்கள். துருக்கி 2009இல் அந்த முறையைத் தடை செய்தது. அணியாத ஒருவர் அணிந்ததுபோல் தோன்றுவதற்கு இன்னொருவரின் மூச்சு விலையாயிற்று. எங்கள் முட்டியில் இருக்கும் வரி எங்களுடையது என்பதற்கு மேல் அதற்குப் பெருமையில்லை. பருத்தி எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் கணவரின் பழைய சட்டையிலும், தோளிலும் முழங்கையிலும் இதைவிட உண்மையான வெளுப்பு இருக்கிறது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, விலையும் வைக்கவில்லை.

*

2024 தைக்குப் பிறகு அப்பா தறியில் இறங்கவில்லை. முழங்கால் குழிக்குள் மடங்கி மீள்வதில்லை. தறியைப் பிரித்து விறகுக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அதன் மேல் இப்போது பாய், தலையணை அடுக்கியிருக்கிறார்கள்.

சென்ற ஐப்பசியில் வண்டியோட்டும் ஜீன்ஸின் வலது முட்டி கிழிந்தது. ஊடை மட்டும் வெள்ளை நரம்புகளாய் நிற்க, பாவு அறுந்திருந்தது. ஒட்டுப்போடப் பாயிடம் கொண்டுபோக நினைத்திருந்தோம். அப்பா பார்த்துவிட்டு, "இது ஒட்டுற வேல இல்ல, நெய்யற வேல. இங்க குடுங்க மாப்ள" என்றார்.

தகரப்பெட்டியிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தார். அதிலிருந்து நீலப் பாவிழைகளை ஒவ்வொன்றாய் உருவி, மகளின் இரு விரல்களில் சுற்றச் சொன்னார். முட்டிக்குள் ஒரு செம்பைக் கவிழ்த்து வைத்துத் துணியை இழுத்துப் பிடித்து, ஊசியால் முதலில் நெடுக இழை போட்டார். பிறகு குறுக்கே, மூன்று கீழ், ஒன்று மேல் என்று சாய்வரியை விடாமல் பிடித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு முறையும் ஓரத்துக்குப் போனதும் நூலை அறுக்காமல் திருப்பினார். இரண்டு பகல் ஆயிற்று. கூலி என்ன என்று மாப்பிள்ளை விளையாட்டாய்க் கேட்டதற்கு, "மெதுவா நெஞ்சிருக்கேன், பாத்துப் போட்டுக் குடுங்க" என்றார்.

மகளும் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி அரை அங்குலத்தை அவர் சொல்லச் சொல்லத் தான் போட்டார். அது சற்றுக் கோணலாக இருக்கிறது.

வெட்டித் தாளில் சுற்றி வைத்திருந்த துணிக்கு வெயிலும் வியர்வையும் பட்டதில்லை. ஆகவே வெளுத்த முட்டியின் நடுவில் அந்த உள்ளங்கையளவு இடம் மட்டும், வாங்கிய அன்றிருந்த அதே கருநீலத்தில் நிற்கிறது. கேட்பவர்களிடம் இது ஜெயங்கொண்டத்தில் நெய்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். மீதி மூன்று வளையங்கள் தகரப்பெட்டியில் இருக்கின்றன.